எங்கள் வீட்டு மனிதர் பி.எஸ்.ஆர்.

எங்கள் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள் படையல் உண்டு. ஒன்று, தாத்தா கண்மூடிய நாள். மற்றொன்று, செப்டம்பர் 30.

முதல் நாளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது நாள் யாருக்காக? அவர் எங்கள் சாதிக்காரர் அல்ல. எங்கள் ஊர்க்காரர் அல்ல. ஜில்லாக்காரரும் அல்ல. அவருடைய தாய்மொழிகூடத் தமிழ் அல்ல. ஆனாலும் எங்கள் அப்பாயி உயிரோடு இருந்தவரை அந்த நாளில் ஓர் இலை போடுவாள். இலையில் சுடுசோறு, பக்கத்தில் ஒரு குவளை நீராகாரம். இரண்டும் இருக்க வேண்டும்.

“அண்ணன் வந்தப்போ நம்ம வீட்டுல நீராகாரந்தான் இருந்துச்சு. அதத்தான் குடிச்சாரு. சுடுசோறு அவரு வந்த பொறவு வந்துச்சு. ரெண்டையும் வைக்கணும்டா தம்பி” என்பாள்.

கம்யூனிஸ்டுக்குப் படையலா என்று கட்சிக்காரர்கள் எவரேனும் கேலி செய்தால் விடமாட்டாள். “சாமிக்கா வச்சேன்? எங்க அண்ணனுக்கு வச்சேன்!” என்று ஒரே போடாகப் போடுவாள்.

அந்த அண்ணன்தான் தோழர் பி. சீனிவாசராவ். தஞ்சைச் சீமை முழுவதும் பி.எஸ்.ஆர். என்று அறிந்த மனிதர். 1961-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் நாள் அவர் மறைந்தார்.

தோழர்களே! ஆண்டுதோறும் திருத்துறைப்பூண்டியில் அவருடைய நினைவிடத்துக்குப் போகிறோம். கொடி ஏற்றுகிறோம், மாலை போடுகிறோம், முழக்கமிடுகிறோம். நல்லதுதான், செய்ய வேண்டியதுதான். ஆனால் தலைவர் என்று மாலை போடுவது வேறு; வீட்டு மனிதர் என்று நினைப்பது வேறு. எங்கிருந்தோ வந்த ஒருவர் எப்படி எங்கள் வீட்டு மனிதரானார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், இன்று நாம் செய்யாமல் விட்டிருக்கும் ஒரு வேலையும் கண்ணுக்குத் தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கே பிறந்தார்? ஏன் வந்தார்?

1907-ல் பிறந்தவர் அவர். இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த தென் கன்னடச் சீமை அவருடைய பூர்வீகம். பிராமணக் குடும்பம். பெங்களூரில் கல்லூரிப் படிப்பு. படித்து முடித்து சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார்ந்திருந்தால் சௌகரியமாக வாழ்ந்து, பென்ஷனும் வாங்கியிருக்கலாம். ஆனால் தேச விடுதலைப் போராட்டம் அழைத்தது. படிப்பை உதறிவிட்டு வந்தார்.

சென்னையில் 1930-ல் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்தது. மறியல் செய்த அவரை வெள்ளைக்கார சர்ஜண்டுகள் அடித்த அடியில் நினைவிழந்து தெருவில் கிடந்தார். அடி வாங்குவது என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தவர் அல்ல அவர், உடம்பில் வாங்கியவர். பிற்காலத்தில் தஞ்சைப் பண்ணையாளின் முதுகைப் பார்த்தபோது அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சிறையில் அமீர் ஹைதர் கான் போன்ற கம்யூனிஸ்டுகளின் தொடர்பு ஏற்பட்டது. வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதாது, உழுகிறவனுக்கும் விடுதலை வேண்டும் என்ற கொள்கையோடு வெளியே வந்தார். ஜீவா, பி. ராமமூர்த்தி முதலிய தோழர்களோடு சேர்ந்து தமிழ்நாட்டில் கட்சியைக் கட்டினார். 1943-ல் கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 36.

சோற்றுச் சீமையில் பசித்தவர்கள்

அன்றைய தஞ்சை ஜில்லா என்பது இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று பிரிந்து நிற்கும் காவிரிப் படுகை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்த பிறகு தண்ணீருக்கும் ஓர் ஒழுங்கு வந்தது. குறுவை, சம்பா, தாளடி என்று வயல் ஓய்வதில்லை. ராஜதானி முழுவதற்கும் நெல் தந்த சீமை.

அந்த நெல் யார் வீட்டுப் பத்தாயத்துக்குப் போயிற்று? நிலம் வேலிக் கணக்கில் மிராசுதார்கள் கையில் இருந்தது. கோயில்கள் கையிலும் மடங்கள் கையிலும் இருந்தது. ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கணக்கான வேலி வைத்திருந்த பண்ணைகள் இருந்தன. உழுதவனுக்கு வேலியும் இல்லை, மாவும் இல்லை. குடியிருந்த குடிசை மண்ணும் பண்ணைக்குச் சொந்தம்.

பண்ணையாள் என்றால் ஆளே பண்ணைக்குச் சொந்தம் என்று பொருள். கல்யாணத்துக்குப் பண்ணையில் கடன் வாங்குவான். அந்தக் கடன் அவன் காலத்தில் தீராது. மகன் தலையில் இறங்கும். விடிவதற்கு முன்னே கொம்பு ஊதினால் வயலில் நிற்க வேண்டும். இருட்டிய பிறகுதான் கரையேற வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. துண்டு தோளில் கிடக்கக் கூடாது; கக்கத்தில் போக வேண்டும். கைப்பிள்ளைக்காரி பிள்ளை அழுதாலும் நடவை விட்டு ஏற முடியாது. கூலி அளக்க ஒரு மரக்கால், நெல் வாங்க இன்னொரு மரக்கால்!

நேரம் தப்பினால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். இளைய தோழர்கள் இதைக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. இது சென்ற நூற்றாண்டின் நடுவில், பள்ளிக்கூடங்களும் கோர்ட்டுகளும் ரயில்களும் இருந்த நாட்டில் நடந்தது. அப்பாயியின் அப்பா அதைக் குடித்தவர். என்ன குற்றம் செய்தார் என்று அவள் சொன்னதில்லை. “என்னமோ ஒண்ணு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரவில் வந்த மனிதர்

இப்படிப்பட்ட சீமைக்குள்தான் பி.எஸ்.ஆர். வந்தார். வந்தவருக்குத் தமிழ் சரளமாக வராது. மேடை போட்டுப் பேச முடியாது. பேசினாலும் கேட்க யார் வருவார்கள்? பகலில் பண்ணையாளிடம் அந்நியர் ஒருவர் நின்று பேசினாலே மாலையில் பண்ணையாளின் முதுகு பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இரவில் வந்தார். வரப்பின் மீது நடந்து, வாய்க்காலில் இறங்கி, சேரிக்குள் வந்தார்.

வந்தவர் என்ன செய்தார்? உபதேசம் செய்யவில்லை. உட்கார்ந்தார். அவர்கள் உட்கார்ந்த மண் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் குடித்ததைக் குடித்தார். அவர்கள் படுத்த இடத்தில் படுத்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் சேரிக் குடிசையில் தூங்குவது என்றால் அந்தக் காலத்தில் அது சாதாரணச் செய்தியல்ல. ஊரே கலங்கிப் போகும் செய்தி.

அப்பாயிக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவளுக்கு நினைவிருந்தது ஒரே ஒரு காரியம்தான். அவர் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டாராம். “எங்கப்பன பண்ணையில ‘டேய்’னுதான் கூப்புடுவாங்க. பேரு இருக்குன்னே எங்களுக்கு மறந்துபோச்சு. அண்ணன் கேட்டு எழுதிக்கிட்டாரு” என்பாள். அந்த இரவு முதல் அவள் அப்பாவுக்குப் பெயர் திரும்பி வந்தது.

ஆண்டை என்ற சொல்லை வாயிலிருந்து எடுப்பதே பெரிய போராட்டமாக இருந்தது. ஐயா என்று தன்னை அழைத்தவர்களைத் தோழர் என்று அழைக்கச் சொன்னார்கள் சங்கத்துத் தோழர்கள். சிலருக்கு அந்தச் சொல் நாவில் நுழையவில்லை. அண்ணன் என்று அழைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டார் அந்த இரண்டாவது வகை.

அவர் சொன்னது மிக எளிய சேதி. பண்ணையாருக்கும் இரண்டு கை, உங்களுக்கும் இரண்டு கை. அவரையும் தாய் பத்து மாதம் சுமந்தாள், உங்களையும் தாய் பத்து மாதம் சுமந்தாள். பிறகு அடி வாங்குவது ஏன்? இனிமேல் அடித்தால் திருப்பி அடியுங்கள்! ஒருவனாக அடிக்க முடியாது என்றால் ஊராகச் சேர்ந்து நில்லுங்கள்!

இதில் என்ன பெரிய தத்துவம் இருக்கிறது என்று கேட்கலாம். சொல்லப்பட்ட இடத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக முதுகைக் காட்டியே வாழ்ந்தவர்களிடம், அவர்களோடு ஒரே பாயில் படுத்து எழுந்த ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விடவில்லை. அடி விழுந்தபோதும் அங்கேயே இருந்தார். அதனால்தான் நம்பினார்கள்.

ஒரே கொடியின் கீழே

1943-ல் மன்னார்குடித் தாலுகா தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது.

இதில் நம் தோழர்கள் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. குத்தகைக்கும் வாரத்துக்கும் சாகுபடி செய்தவர்கள் பெரும்பாலும் சாதி இந்துக்கள். பண்ணையாட்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். இரண்டு பேரையும் உறிஞ்சியது ஒரே பண்ணைதான். ஆனாலும் தெரு வேறு, கிணறு வேறு, சுடுகாடு வேறு. இவர்களை இரண்டாகவே வைத்திருப்பதில்தான் மிராசுதாரின் பலம் இருந்தது.

பி.எஸ்.ஆர். இரண்டு பேரையும் ஒரே கொடியின் கீழே கொண்டுவரப் பாடுபட்டார். எளிதாக நடக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் சேரிக்காரனுக்குச் சமமாக உட்காரத் தயங்கியவர்கள் இருந்தார்கள். கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தியவர்களும் இருந்தார்கள். இன்றும் அந்த வேலை முடிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று வாரதாரனும் பண்ணையாளும் சேர்ந்து களத்தில் நின்ற ஊர்களில்தான் மிராசுதார் பேச்சுவார்த்தைக்கு வந்தார். இது அனுபவம் காட்டிய பாடம்.

ஒப்பந்தமும் சட்டமும்

1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. மிராசுதார்களும் சங்கத்தாரும் சர்க்கார் அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்தார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதப்பட்டது. கூலியும் உயர்ந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனிதனை அடிக்கக் கூடாது, மனித வாயில் சாணி ஊற்றக் கூடாது என்பதை ஓர் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது! அந்தக் கையெழுத்தை வாங்கித் தந்தது எந்த மகானின் கருணையும் அல்ல. அறுவடைக் காலத்தில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக நின்றவர்களின் பலம்.

1952 ஆகஸ்டில் ராஜாஜியின் சர்க்கார் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அது சட்டமும் ஆயிற்று. கம்யூனிஸ்டுகளின் பகைவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ராஜாஜியே அதைக் கொண்டுவர வேண்டியதாயிற்று என்றால் தஞ்சை வயலில் எழுந்த சூடு எப்படிப்பட்டது என்று புரியும். வாரதாரனுக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு. பண்ணையாளை நினைத்த நேரத்தில் விரட்ட முடியாது. சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன, உண்மைதான். பண்ணையாளை விலக்கி அன்றாடக் கூலியாக்கிக்கொண்ட மிராசுதார்களும் உண்டு. ஆனால் பண்ணையடிமை என்ற முறையின் முதுகெலும்பு அன்று முறிந்தது.

கொடுத்த விலை

இவை சும்மா வரவில்லை. 1948-ல் கட்சி தடை செய்யப்பட்டது. கிராமம் கிராமமாகப் போலீஸ் முகாம். களப்பாள் குப்பு அந்த ஆண்டில் திருச்சிச் சிறையில் உயிர்விட்டார். 1950 மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெயர் வெளியே தெரியாமல் கை கால் இழந்தவர்களும், வீடு இழந்தவர்களும், சிறையில் உடம்பைத் தொலைத்தவர்களும் எத்தனை எத்தனை பேர்!

தலைமறைவுக் காலத்தில் பி.எஸ்.ஆரைக் காத்தவர்கள் யார்? ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாத அதே சேரி மக்கள். போலீஸ் கேட்டபோது, “அப்படி யாரும் எங்களுக்குத் தெரியாது சாமி” என்று அடியை வாங்கிக்கொண்டார்கள். கட்சித் தலைவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். வீட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கட்டுப்பாடு தேவையில்லை. அது தானாக வரும். அவர்கள் செய்தது இரண்டாவது.

செப்டம்பர் 30

1961-ல் நில உச்சவரம்பு மசோதா வந்தது. குடும்பத்துக்கு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சொல்லிவிட்டு, அதற்கும் பல விலக்குகள் தந்தார்கள். முன்வாசலில் நிலத்தை எடுப்பதாகச் சொல்லிப் பின்வாசலில் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. விவசாயிகள் சங்கம் எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அடியும் சிறையும் தலைமறைவும் உருக்குலைத்த உடம்போடு பி.எஸ்.ஆர். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 30-ல் அவருடைய மூச்சு நின்றது. வயது 54.

அப்பாயி அன்று நடவில் இருந்தாளாம். வரப்பில் ஓடிவந்து யாரோ சேதி சொன்னார்கள். நாற்றுமுடி கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் எவரும் பேசவில்லை. ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். அது யார் வயல், என்ன கூலி என்று எவரும் யோசிக்கவில்லை. பண்ணைக் காரியஸ்தரும் வாய் திறக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னே, பிள்ளை அழுதாலும் ஏற முடியாதிருந்த அதே வயலிலிருந்துதான் அவர்கள் ஏறினார்கள். அப்பாயி இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவாள். அழுது முடித்து, “கேக்குற தைரியம் அவனுக்கு இல்லடா” என்று சிரிப்பாள்.

1964-ல் கட்சி இரண்டாயிற்று. அந்தத் துயரத்தைக் காண அவர் இல்லை. ஆகவே அவர் இரண்டு வீட்டுக்கும் உரியவர். பாகம் பிரித்தாலும் பெற்றவர் படம் இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்கத்தானே செய்யும்!

அவர் போன பிறகும் நெருப்பு அணையவில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும், செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 1968 டிசம்பர் 25-ம் நாள் இரவில் கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்! அந்தச் சாம்பலிலிருந்து 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-ல் உச்சவரம்பு பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைந்தது. 1971-ல் குடியிருப்பு மனை குடியிருந்தவனுக்கே சொந்தம் என்ற சட்டம் வந்தது. எங்கள் வீடு நிற்கும் மண் அன்றுதான் எங்கள் மண் ஆயிற்று. அப்பாயி இலை போட்ட இடம் அந்த மண்தான்.

இன்று நம் வயலில் நிற்பவர் யார்?

இனி, முதலில் சொன்ன வேலைக்கு வருகிறேன்.

இன்றைய டெல்டாவில் அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். சில ஆண்டுகளாக நம் வயல்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஏஜெண்ட் அழைத்து வருகிறான். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுகிறான். மோட்டார்க் கொட்டகையிலும் பாழடைந்த கட்டடத்திலும் தங்க வைக்கிறான். விடிவதற்கு முன்னே வயலில் இறங்குகிறார்கள். இருட்டிய பிறகு கரையேறுகிறார்கள். ஏஜெண்ட் எவ்வளவு வாங்கினான், அவர்கள் கையில் எவ்வளவு விழுந்தது என்று நமக்குத் தெரியாது.

விடிவதற்கு முன் இறங்குவது, இருட்டிய பிறகு ஏறுவது, கணக்கு யாருக்கும் தெரியாமல் இருப்பது! இதை எங்கோ கேட்ட மாதிரி இல்லையா?

இவர்களைப் பற்றி நம் டீக்கடையில் என்ன பேச்சு? “வடக்கத்தியான் வந்து நம்ம பொழப்பக் கெடுக்குறான்.” நம் தோழர்கள் சிலரும் தலையாட்டுகிறார்கள். குறை பொய்யல்ல. நடவை நம்பி வாழும் நம் பெண்களுக்கு வேலை நாள் குறைகிறது. அந்த வயிற்றெரிச்சலை அலட்சியம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. வெளியாளைக் கொண்டுவந்து கூலியை உடைப்பதும் புதிய தந்திரமல்ல. அறுபதுகளிலேயே மிராசுதார்கள் செய்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு முதலில் வேலை கொடு என்று சங்கம் போராடியது. அது நியாயமான கோரிக்கை, இன்றும் நியாயமானதே.

ஆனால் நம் கோபம் யார் மேல் இருக்க வேண்டும்? இருவரையும் மோதவிட்டுக் கூலியைக் குறைப்பவன் மேலா, நம்மைப் போலவே பசித்து வந்தவன் மேலா? உள்ளூர்க்காரிக்கும் வெளியூர்க்காரனுக்கும் ஒரே கூலி, ஒரே நேரம் என்று ஆகிவிட்டால், ஒருவரைக் கொண்டு இன்னொருவரை அடிக்க எவனுக்கும் லாபம் இருக்காது. அதற்கு வழி ஒன்றுதான். அவனும் சங்கத்துக்குள் வர வேண்டும். வாரதாரனையும் பண்ணையாளையும் பிரித்து வைத்த அதே தந்திரம் இன்று மொழியின் பெயரால் நடக்கிறது. அன்று விடை தெரிந்தவர்களுக்கு இன்று தெரியாமல் போகுமா?

“மொழி தெரியாதவனிடம் எப்படிப் பேசுவது?” என்று கேட்கிறார்கள். தோழர்களே! 1943-ல் பி.எஸ்.ஆருக்கு என்ன பெரிய தமிழ் தெரியும்? அவர் இலக்கணம் கற்றுக்கொண்டா சேரிக்குள் வந்தார்? உட்கார்ந்தார், குடித்ததைக் குடித்தார், பேச்சு தானாக வந்தது.

“யாரோ கன்னடக்காரன் வந்து நம்ம ஆட்களைக் கெடுக்கிறான்” என்றுதான் அன்று மிராசுதார்கள் சொன்னார்கள். வெளியாள் என்ற சொல்லை அவர்கள் அவர்மீது வீசினார்கள். அந்தச் சொல்லை நாம் எடுத்து இன்னொரு ஏழையின் மீது வீசலாமா?

நாமும் வெளியாளாகப் போனவர்கள்தாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் பாட்டன்மார். இதே தஞ்சை ஜில்லாவின் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி மலேயாவில் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். தமிழன், சீனன், மலாய்க்காரன் என்று பார்க்காமல் தொழிலாளரைத் திரட்டினார். 1949 மே மாதத்தில் வெள்ளை சர்க்கார் அவரைக் கோலாலம்பூரில் தூக்கிலிட்டது. நம் இரணியனும் மலேயாவில் வேலை செய்து திரும்பியவர்தான். கன்னடச் சீமையிலிருந்து ஒருவர் இங்கே வந்து நம் வீட்டு மனிதரானார். நம் சீமையிலிருந்து ஒருவர் அங்கே போய் அவர்கள் வீட்டு மனிதரானார். பாட்டாளி இயக்கத்தின் உறவுமுறை இப்படித்தான் இருந்து வந்திருக்கிறது.

அப்பாயி போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. இலை போடும் வேலையை இப்போது என் தங்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாயி சொன்னபடியே சுடுசோறும் நீராகாரமும் வைக்கிறாள்.

இந்த செப்டம்பர் 30-ல் நினைவிடத்துக்குப் போங்கள். கொடி ஏற்றுங்கள்; மாலை போடுங்கள். முடிந்ததும் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். இரண்டிரண்டு பேராக உங்கள் ஊர் மோட்டார்க் கொட்டகைக்குப் போங்கள். தரையில் உட்காருங்கள். தருவதை வாங்கிக் குடியுங்கள். என்ன கூலி, யார் கொடுக்கிறான், எவ்வளவு பிடிக்கிறான் என்று விசாரியுங்கள். அதற்கும் முன்னால் பெயரைக் கேளுங்கள். கேட்டதைச் சங்கப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கொள்ளுப்பாட்டன் வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் செய்த முதல் வேலை அதுதான்.